இணையக் காப்பகங்களை மட்டும் வைத்துத் தாது வருஷப் பஞ்சத்தை ஆராய முடியுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். 1876–78 பஞ்சத்தைப் பற்றி, அதாவது நம் பக்கத்துப் பேச்சில் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி, நீங்கள் முதுகலை ஆய்வேடு எழுத வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதால் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வாரக்கணக்கில் உட்கார வழியில்லை. இணையத்தில் கிடைக்கும் முதன்மைச் சான்றுகளை வைத்தே முடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. மின்னூலகங்களில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் 'பஞ்சம்' என்று போட்டுத் தேடினீர்கள். அந்த ஆண்டுகளுக்கு அநேகமாக ஒன்றும் வரவில்லை. அப்படியானால் தமிழ் அச்சுலகம் பஞ்சத்தைக் கண்டுகொள்ளவில்லை என்று எழுதலாமா என்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில்: தலைப்பைக் குறுக்கிக்கொண்டால் பெரும்பகுதி முடியும். இரண்டாவதற்கு: எழுதவே கூடாது. இந்த இரண்டாவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் பத்தொன்பதாம் நூற்றாண்டு வருவாய்த் துறைக் கோப்புகளோடு நெடுங்காலம் புழங்கியவன். அச்சான அறிக்கை, கையெழுத்துக் கோப்பு, செய்தித்தாள் ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். ஓலைச்சுவடி வாசிப்பில் என் தேர்ச்சி குறைவு. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் அதற்கென்று பயின்ற ஒருவரிடம் கேளுங்கள்.

தேடல் பெட்டி பூஜ்யம் என்று காட்டினால் அதற்கு ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம். 'யாரும் எழுதவில்லை' என்பது அவற்றில் ஒன்று மட்டுமே, பெரும்பாலும் கடைசியாகக் கருத வேண்டிய ஒன்று. முதலில், அந்தப் பத்திரிகை அப்போது இருந்ததா? நமக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தி ஹிந்து தொடங்கியது 1878 செப்டம்பரில். சுதேசமித்திரன் 1882-இல். பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877-இல் இரண்டுமே இல்லை. பிறக்காத பத்திரிகை மௌனம் சாதித்தது என்று சொல்ல முடியாது. அடுத்து, அப்போது வெளிவந்த தமிழ் இதழ்களில் எத்தனை பிரதிகள் பிழைத்தன, பிழைத்தவற்றில் எத்தனை ஸ்கேன் ஆயின என்று பாருங்கள். ஒரு இதழின் பெயர் மின்னூலகப் பட்டியலில் இருப்பதாலேயே எல்லா ஆண்டுகளும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயருக்குக் கீழே போய் ஆண்டுவாரியாக, இதழ்வாரியாக எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் பத்திரிகைகளின் மௌனத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுத உங்களுக்கு உரிமை கிடையாது என்பேன்.

மூன்றாவது தடை இதைவிட மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேன் ஆன பக்கம் ஒரு படம். அதில் நீங்கள் தேடுவது படத்தை அல்ல, படத்தைப் பார்த்து ஓசிஆர் மென்பொருள் எழுதிவைத்த பின்னணி உரையை. பல தமிழ் நூல்களுக்கு அந்த உரையே கிடையாது. அங்கே தேடினால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற விவரக் குறிப்பில் மட்டும்தான் தேடுகிறீர்கள். தலைப்பில் 'பஞ்சம்' என்று இல்லாத இதழ் எப்படி வரும்? உரை இருக்கும் இடத்திலும் நம்பிக்கை வைக்க இடம் குறைவு. பிரிட்டிஷ் நூலகத்தின் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்தித்தாள் தொகுப்பை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. சொற்களில் சுமார் 78 சதவீதம்தான் சரியாக இருந்தன. இணைப்புச் சொற்களையும் உதிரிச் சொற்களையும் கழித்துவிட்டுப் பொருளுள்ள சொற்களை மட்டும் எடுத்தால் 68. பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்கள், அதாவது பெரும்பாலும் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும், 63 சதவீதத்துக்குப் பக்கம். நாம் எவற்றைத் தேடுவோமோ அவற்றில்தான் பிழை அதிகம். இது ஆங்கிலத்துக்கு, அதுவும் நிறையப் பணம் போட்டுச் செய்த ஒரு தொகுப்புக்கு.

தமிழுக்கு வாருங்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு அச்சான நூல்களில் ணை, லை, னை எல்லாம் துதிக்கை போட்ட வடிவத்தில் இருக்கும். ணா, றா, னா சுழித்து இருக்கும். இன்றைய எழுத்தில் பழகிய மென்பொருள் அவற்றை வேறு எதுவாகவோ எடுத்துக்கொள்ளும். பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் அநேகமாக ஒன்று போலவே தெரியும். மனிதர் வாசிக்கும்போது பொருள் பார்த்துப் பிரித்துவிடுவார், மென்பொருள் திணறும். போதாக்குறைக்குச் சொற்களைச் சந்தி சேர்த்து இடைவெளியில்லாமல் ஓட்டியிருப்பார்கள். 'பஞ்சத்தினாலிறந்தவர்களென்று' என்பது ஒரே சொல்லாக நிற்கும். 'பஞ்சம்' என்று மகர ஒற்றோடு முழுச்சொல்லாகத் தேடுகிறவருக்கு அது சிக்காது. 'பஞ்ச' என்று பாதியோடு நிறுத்தித் தேடினால் பஞ்சாங்கமும் பஞ்சாட்சரமும் சேர்ந்து வரும், வரட்டும். குப்பையைத் தள்ளிவிடலாம், வராததைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

தேதியிலும் இதே கதை. பழைய தமிழ் அச்சில் ஆண்டு ௲௮௱௭௰௭ என்று இருக்கலாம், 1877 என்று போட்டால் அது வராது. 'தாது௵ தை௴' என்று வருஷக் குறியும் மாதக் குறியும் சேர்த்து இருக்கலாம்; அந்தக் குறிகளை ஓசிஆர் என்னவாக எழுதிவைத்திருக்கும் என்பது அந்தந்தப் பக்கத்தின் அதிர்ஷ்டம். தாது 1876 ஏப்ரல் முதல் 1877 ஏப்ரல் வரை. பஞ்சம் அதோடு முடியவில்லை, அடுத்து வந்த ஈசுவர வருஷத்திலும் நீண்டது. ஆகவே இரண்டு பெயரையும் தேட வேண்டும். வருவாய்க் கணக்கு ஃபசலி ஆண்டில் ஓடும்: ஃபசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. பஞ்சத்தை எல்லாரும் பஞ்சம் என்றே எழுதினார்கள் என்றும் இல்லை. க்ஷாமம், கருப்பு, வற்கடம் எல்லாம் உண்டு. ஆங்கிலக் கோப்புகளிலோ அதிகாரி 'ஃபேமின்' என்ற சொல்லை ஒப்புக்கொள்ளத் தயங்கிய மாதங்களில் 'ஸ்கேர்சிட்டி' (தட்டுப்பாடு), 'டிஸ்ட்ரஸ்' (அவதி) என்றே எழுதிக்கொண்டிருப்பார். எந்த மாவட்டத்தில் எந்த மாதம் சொல் மாறுகிறது என்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி, ஆசை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர்களுக்கும் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்: டின்னவெல்லி (திருநெல்வேலி), டிரிச்சினாபொலி (திருச்சி), டாஞ்சூர் (தஞ்சாவூர்), சிங்கிள்பட் (செங்கல்பட்டு) என்று அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் தேட வேண்டும்.

இந்தத் தடைகளையெல்லாம் தாண்டினால்தான் முக்கியமான ஒரு விஷயம் புலப்படும். அதைப் பற்றி ஆய்வாளர்கள் போதுமான அளவு கவலைப்படுவதில்லை என்பது என் ஆதங்கம். எது எளிதில் கிடைக்கிறதோ அதுதான் நம் வாதத்தின் வடிவத்தைத் தீர்மானித்துவிடுகிறது. 1877-இல் மெட்ராஸ் பஞ்சத்தைப் பற்றி ஆஸ்திரேலியச் செய்தித்தாள்கள் நிறைய எழுதின, அங்கே நிவாரண நிதி திரட்டினார்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் தன் பழைய செய்தித்தாள்களை டிரோவ் என்ற தளத்தில் இலவசமாக, தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. ஓசிஆர் பிழைகளை வாசகர்களே திருத்துகிறார்கள். நியூசிலாந்துக்குப் பேப்பர்ஸ் பாஸ்ட் இருக்கிறது. விளைவு என்ன? வீட்டில் உட்கார்ந்து தேடுகிற ஒருவருக்கு மெல்போர்ன்காரர் என்ன நினைத்தார் என்பது ஒரே மாலையில் கிடைத்துவிடும். சேலத்துக்காரர் என்ன நினைத்தார் என்பது கிடைக்காது. பிறகு ஆய்வேட்டில் 'உலகளாவிய எதிர்வினை' என்று ஒரு தடித்த அத்தியாயமும், ஊர்க்காரர்களைப் பற்றி இரண்டு பக்கமும் வரும். அந்த அளவு வித்தியாசம் வரலாற்றிலிருந்து வந்ததல்ல, எந்த நாட்டு நூலகத்துக்கு நிதி கிடைத்தது என்பதிலிருந்து வந்தது. டிரோவைப் பயன்படுத்துங்கள், அருமையான இடம். ஆனால் அது ஏன் உங்கள் கைக்கு வந்தது என்பதை மறக்காதீர்கள்.

அரசுத் தரப்புச் சான்றுகள் இணையத்தில் தாராளமாகவே உள்ளன. உங்கள் ஆய்வேட்டின் முதுகெலும்பு அங்கேதான் இருக்க முடியும். 1878-இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்சக் கமிஷனின் 1880 அறிக்கை, மாகாண ஆண்டு நிர்வாக அறிக்கைகள், 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகள், மாவட்ட மேனுவல்கள் (ஒவ்வொரு மாவட்டத்தையும் பற்றி அரசு வெளியிட்ட விவரத் தொகுப்புகள்) ஆகியவை இன்டர்நெட் ஆர்க்கைவிலும், சவுத் ஏஷியா ஓபன் ஆர்க்கைவ்ஸ் போன்ற தொகுப்புகளிலும் தேடத் தேடக் கிடைக்கும். பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட சேலம் மாவட்டத்துக்கு லெ ஃபானு தொகுத்த மேனுவல் 1883-இல் வந்தது, பஞ்சம் முடிந்து சூடு ஆறுவதற்குள். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் கல்கத்தாவிலிருந்து நடந்த இந்திய அரசின் கோப்புகள் ஸ்கேன் செய்யப்பட்டு ஏறிக்கொண்டிருக்கின்றன. மெட்ராஸ் அனுப்பிய கடிதங்களின் மறுமுனை அங்கே அகப்படும்.

இந்த ஆவணங்களை எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு தகராறை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை வைஸ்ராய் லிட்டன் டில்லியில் நடத்துகிறார். அதே மாதம் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிளை மெட்ராஸுக்கு அனுப்புகிறார். 1873–74 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை வரவழைத்து மக்களைக் காப்பாற்றி, அதிகம் செலவழித்ததற்காகத் திட்டு வாங்கிய அதே டெம்பிள். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அவர் கூலியைக் குறைக்கிறார். மெட்ராஸின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் எதிர்க்கிறார்: ஒன்றரை ராத்தலாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லையென்றால் உடம்பு தாங்காது. இருவருடைய குறிப்புகளும் அச்சாகியிருக்கின்றன. பிறகு மாகாண அரசு தானியத்தை ஓரளவு கூட்டிக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தது.

இப்போது இந்தச் சான்றுகளை எங்கே எடுக்கிறீர்கள் என்பது கேள்வி. டெம்பிளின் குறிப்பை மட்டும் ஓர் அரசு வெளியீட்டில் படித்தால் எல்லாம் அளந்து திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றும். கார்னிஷின் பதிலைப் படித்தால் அதே கூலி கொலைக் கூலியாகத் தெரியும். லண்டன் பாராளுமன்றத்துக்கென்று அச்சிட்ட நீலப் புத்தகங்களில் இருப்பது அதிகாரிகள் தேர்ந்தெடுத்துத் தொகுத்த கடிதங்கள். எதைச் சேர்ப்பது, எந்தப் பத்தியை விடுவது என்பதை முடிவு செய்தவர்களுக்கு அதில் சொந்த அக்கறை இருந்தது. அரசுக்குள்ளேயே கோப்புகளை 'ஏ' என்றும் 'பி' என்றும் பிரித்தார்கள். முக்கியம் என்று கருதியது அச்சேறும், பிரதி லண்டனுக்குப் போகும். மற்றது கையெழுத்தாக அலுவலகத்திலேயே தங்கும். அச்சானதுதான் முதலில் ஸ்கேன் ஆகும், ஓசிஆருக்கு ஒத்துழைப்பதும் அதுதான். ஆக அன்றைய குமாஸ்தா முக்கியமில்லை என்று ஒதுக்கியது இன்று இணையத்திலும் ஒதுங்கியே இருக்கிறது. ஒரு தாலுகாவில் கூலிக்காரர்கள் குறைந்த கூலியை வாங்க மறுத்து வேலையை விட்டுப் போனார்களா என்பது போன்ற செய்தி எந்தப் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஈடுகட்ட அதிகார வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களைத் தேட வேண்டும். வில்லியம் டிக்பி அப்போது மெட்ராஸ் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியர், நிவாரணக் குழுவின் செயலாளரும்கூட. 1878-இல் அவர் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறு இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. நிறையக் கடிதங்களையும் குறிப்புகளையும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார், அதனால் அது ஒரு சிறு காப்பகம் மாதிரி. ஆனால் அவரும் இந்தத் தகராறில் ஒரு பக்கம் சாய்ந்தவர் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். மிஷனரி இதழ்கள் இன்னொரு வாசல். கிராமத்துக்குள் போய்ப் பார்த்த விவரம் அவற்றில் இருக்கும், சில இடங்களில் உருக்கிவிடும். அவை நன்கொடையாளர்களுக்காக எழுதப்பட்டவை. பஞ்ச காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் மதம் மாறியதைப் பற்றிய பெருமையும் சங்கடமும் வரிகளுக்கிடையே ஓடும்.

புகைப்படங்களைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த அந்தப் படங்களை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றை எடுத்தவர் ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். அதே படங்கள் 1943 வங்கப் பஞ்சம் என்ற தலைப்போடு சமூக ஊடகங்களில் சுற்றுகின்றன. ஒரு படத்தை ஆய்வேட்டில் சேர்க்குமுன் அது எந்த நூலகத்தின் எந்தச் சேகரத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று பிடியுங்கள். பிடிக்க முடியாவிட்டால் போடாதீர்கள். சேகரத்தில் இருக்கும் தலைப்பும் வேதவாக்கு அல்ல. 'இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்' என்ற பொருளில் ஒரு படத்துக்கு ஹூப்பர் பெயர் வைத்திருக்கிறார். யார் தகுதி, யார் தகுதியில்லை என்று பிரிக்கும் அன்றைய நிர்வாகப் பார்வை அந்தத் தலைப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்க் குரல்கள் எங்கே என்று கேட்பீர்கள். மூன்று நான்கு இடம் சொல்கிறேன், எதுவும் சுலபமில்லை. உள்ளூர் மொழிப் பத்திரிகைகளைக் கண்காணிக்க அரசு மொழிபெயர்ப்பாளர்கள் அவ்வப்போது ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி அனுப்பினார்கள், 'நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்ஸ்' என்று பெயர். மூல இதழ் அழிந்துபோனாலும் இந்தச் சுருக்கத்தில் அதன் நிழல் மிஞ்சியிருக்கும். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இதில்தான் இருக்கக்கூடும், ஆகவே பஞ்ச ஆண்டுகளின் தொகுதிகளை முதல் வேலையாகத் தேடுங்கள். அரசுக்கு எரிச்சலூட்டிய செய்தியைத்தான் மொழிபெயர்ப்பாளர் அதிகம் பொறுக்குவார் என்பதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். அடுத்து இலக்கியம். சிவகங்கைப் பக்கத்து வில்லியப்ப பிள்ளை பாடிய 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' தாது வருஷப் பஞ்சத்தை வைத்து எழுந்த நையாண்டி நூல். மதுரைச் சொக்கநாதரே திருமுகம் எழுதியனுப்புவதாகப் பாவனை. இதிலிருந்து விலைவாசிப் பட்டியல் எடுக்க முயலாதீர்கள். பஞ்சத்தில் யார் மேல் கோபம் வந்தது, எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதற்கு அது முதல்தரச் சான்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகப் பட்டியலிலும் கும்மி, சிந்து, அம்மானை என்ற வகைப் பெயர்களை வைத்துத் தேடிப் பாருங்கள். பொருள் வைத்துத் தேடுவதைவிட வகை வைத்துத் தேடினால் பலன் அதிகம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு வேளாண் குடும்பங்களிடமிருந்த பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் வழியாகப் பொதுவில் வைத்திருக்கிறது. நில ஒத்தி, கடன் பத்திரம் போன்றவற்றில் பஞ்ச ஆண்டுகள் எப்படித் தெரிகின்றன என்று பார்க்க அது ஒரு வாய்ப்பு, ஆனால் கையெழுத்து வாசிக்கப் பழக வேண்டும்.

ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை இருக்கும். பட்டியல்கள் தரவுத்தளமாகவே கிடைப்பதால் பஞ்ச ஆண்டுகளை மட்டும் பிரித்துச் சேலம், வட ஆற்காடு என்று எண்ணிப் பார்க்க ஆசை வரும். எண்ணலாம். ஆனால் பஞ்சத்தில் மிகப் பெரிய கூட்டம் நடந்துபோனது இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு, ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணிகளின் பின்னால், மன்னார் வழியாக. அந்தக் கூட்டத்துக்கு இப்படித் தலைக்குத் தலை பட்டியல் இல்லை. நெட்டால் பட்டியலை மட்டும் வைத்துப் 'பஞ்சக் குடிபெயர்வு' என்று தலைப்பிட்டால், தெரு விளக்கின் கீழ் வெளிச்சம் இருக்கிறது என்பதற்காக வேறெங்கோ விழுந்த சாவியை அங்கே தேடுகிறவர் கதையாகிவிடும்.

எது உறுதி, எது சந்தேகம் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகப் பிரித்து எழுதச் சொல்வேன். டெம்பிள் எப்போது வந்தார், கூலியை எவ்வளவு குறைத்தார், கார்னிஷ் என்ன பதில் எழுதினார் என்பவற்றை இணையச் சான்றுகளை வைத்தே ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவலாம். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய கால்வாய் பஞ்ச நிவாரண வேலை, ஆளுநர் பக்கிங்காம் பெயரால் வழங்குகிறது, இதுவும் அப்படியே. இறந்தவர் எத்தனை பேர் என்பது அப்படியல்ல. பஞ்சம் பரவிய பகுதிகள் முழுவதற்கும் சேர்த்து 55 லட்சம் என்பாரும் உண்டு, 80 லட்சத்துக்கு மேல் என்பாரும் உண்டு. காரணம் சான்றின் தன்மையிலேயே இருக்கிறது. இறப்பைப் பதிய வேண்டியவர் கிராம அதிகாரி. அவரே பஞ்சத்தில் தவிக்கும்போது, வேற்றூரிலிருந்து வந்து சாலையோரம் விழுந்தவரை யார் கணக்கில் எழுதுவது? அதனால் 1871 மக்கள்தொகையையும் 1881 மக்கள்தொகையையும் ஒப்பிட்டு, இடையில் இயல்பாகக் கூடியிருக்க வேண்டியதை ஊகித்துக் கழிக்கிறார்கள். ஊகம் மாறினால் எண் மாறும். மெட்ராஸின் 1871 கணக்கு அறிக்கையை எழுதியவரும் நம் கார்னிஷ்தான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். முதல் கணக்கில் விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்ற விவாதத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே ஓர் எண்ணைத் தலைப்பில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், வரம்பைக் கொடுத்து ஏன் வரம்பு என்று சொல்லுங்கள்.

இனி அன்றாட நடைமுறை, சுருக்கமாக. இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கும் பல இந்திய நூல்கள் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் ஸ்கேன் ஆனவை. தலைப்பில் எழுத்துப்பிழை, ஆண்டு தவறு, பக்கம் விடுபடல் எல்லாம் சகஜம். விவரக் குறிப்பில் உள்ள ஆண்டை நம்பாமல் முகப்புப் பக்கப் படத்தைப் பாருங்கள். கூகுள் ஸ்கேன் செய்த நூல்களில் மடித்துவைத்த வரைபடங்களும் பெரிய அட்டவணைகளும் விரிக்கப்படாமலே படமாகியிருக்கும். பஞ்ச அறிக்கைகளில் அவைதான் சாரம், எனவே வேறு பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். மேற்கோள் எடுக்கும்போது ஓசிஆர் உரையிலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள், படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள், எண்களை இரண்டு முறை சரிபாருங்கள். கையெழுத்துப் பக்கத்தை செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறவர்கள் இப்போது அதிகம். முதல் வரைவுக்கு அது உதவும். ஆனால் மங்கிய இடத்தில் அது 'தெரியவில்லை' என்று நிறுத்தாமல் பொருத்தமாக ஒரு சொல்லைத் தானே போட்டு நிரப்பிவிடும். வாக்கியம் சரளமாக ஓடுவதால் நமக்குச் சந்தேகமே எழாது. ஓசிஆர் பிழையாவது பார்த்ததும் பிழை என்று தெரியும்.

பார்த்ததைப் பார்த்த அன்றே தரவிறக்கி வையுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்பு இணையத் தாக்குதலில் விழுந்தபோது பல மின் சேகரங்கள் மாதக்கணக்கில் கிடைக்காமல் போயின. அடுத்த ஆண்டு அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் சில நாள் முடங்கியது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் அது நடந்தால் இணைப்பு முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அடிக்குறிப்பில் மூல ஆவணத்தின் முழு விவரம், அது இருக்கும் நிறுவனம், சேகர எண், பிறகு தளமும் பார்த்த தேதியும், இந்த வரிசையில் இருக்கட்டும். மின்பிரதியைப் பார்த்துவிட்டு அசலைப் பார்த்ததுபோல் குறிப்பு எழுதுவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது, நேர்முகத் தேர்வில் அதை நோண்டும் தேர்வாளர்களும் இருக்கிறார்கள்.

ஆய்வேடு நடக்கக்கூடியதாக இருக்க வேண்டுமென்றால் தலைப்பைச் 'சேலம் மாவட்டத்தில் டெம்பிள் கூலி: 1877 ஜனவரி முதல் அதைத் திருத்தியது வரை' என்கிற அளவுக்குக் குறுக்குங்கள். கமிஷன் அறிக்கை, டிக்பி, மேனுவல், நிர்வாக அறிக்கை, பத்திரிகைச் சுருக்கங்கள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே படித்து, அவற்றின் ஓரங்களிலும் அடிக்குறிப்புகளிலும் வரும் அரசாணை எண்களையும் வருவாய் வாரிய நடவடிக்கைத் தேதிகளையும் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். மாதம் பிடிக்கும் வேலை அந்தப் பட்டியல்தான், அதை எங்கிருந்தும் செய்யலாம். எண்ணும் தேதியும் கையில் இருந்தால் எழும்பூரில் கோப்பு எடுத்துத் தருகிறவர்களுக்கும் சுலபம். நீங்கள் விடுப்பெடுத்துக்கொண்டு மூன்று நான்கு நாள் போய்வந்தால்கூடக் கையெழுத்துக் கோப்புகளில் அவசியமானவற்றைப் பார்த்துவிடலாம். ஆராய்ச்சி அறை அனுமதிக்குத் துறைத் தலைவரின் கடிதம் வேண்டியிருக்கலாம், அதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கும் வழியில்லாமல் போனால், முன்னுரையில் ஒரு பத்தி ஒதுக்கி எந்தெந்தத் தொகுப்பை எந்தெந்த ஆண்டுக்குப் பார்த்தேன், எவற்றைப் பார்க்கவில்லை என்று எழுதிவிடுங்கள். தமிழ்ப் பத்திரிகைகள் பற்றிய வாக்கியமும் அந்தப் பத்தியில்தான் வர வேண்டும், 'நான் பார்த்த இன்னின்ன இதழ்களின் இன்னின்ன மாதங்களில் செய்தி இல்லை' என்ற அளவில்.